பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும் பணி கிடங்கிலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்ள அருங்காட்சியகங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், புதிய கண்ணாடிப் பேழைகள், தொடுதிரைகள், விளக்கமைப்பு, முகப்பு மண்டபம் ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஓர் உயர்கல்விக்கூடத்தின் தொகுப்புக் கிடங்கில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். புதுப்பிப்புக்கென்று ஒதுக்கப்படும் முதல் ரிங்கிட் கிடங்குக்கும் பதிவேட்டுக்கும் செலவிடப்பட வேண்டும். அவை சீராகாமல் திறக்கப்படும் காட்சிக்கூடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சில ஆண்டுகளுக்குள் மீண்டும் மூடவேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

பல்கலைக்கழக அருங்காட்சியகங்களின் மதிப்பு நம்மில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகம் 1974இல் அமைந்தது. ஆனால் அதன் வேர் இன்னும் பழையது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், 1955இல், மைக்கேல் சலிவன் என்ற கலை வரலாற்றறிஞரின் பொறுப்பில் அங்கே ஒரு கலை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் நூலில் படிப்பதைக் கண்ணால் பார்த்தும் கையில் எடுத்தும் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1959இல் இந்திய அரசும் அதற்குக் கலைப்பொருள்களை அன்பளிப்பாக வழங்கியது. 1962இல் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது அந்தத் தொகுப்பும் இரு நகரங்களுக்கும் பிரிந்தது. கோலாலம்பூரில் உள்ள கெண்டித் தொகுப்பு இன்று உலக அளவில் ஆய்வாளர்கள் பேசும் ஒன்று. கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மூக்கிலிருந்து விழும் நீரை உதடு படாமல் அருந்துவதற்கென்று வனையப்பட்ட இந்தக் கலங்கள், சீனம், வியட்நாம், தாய்லாந்து, மலாய்த் தீவுகள் என்று எத்தனையோ சூளைகளிலிருந்து வந்தவை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துவாங்கு பவுசியா அருங்காட்சியகமும் காட்சிக்கூடமும் 1982 முதல் மிண்டன் வளாகத்தில் இயங்கிவருகின்றன. அதே பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வு மையம் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் பூஜாங் பள்ளத்தாக்கிலும் அகழ்ந்தெடுத்தவை நம் நாட்டின் தொன்மையைப் பற்றிய கருத்துகளையே மாற்றியுள்ளன. இத்தகைய தொகுப்புகள் ஒரு துறைத் தலைவர் மாறினால் அறை மாறும் பொருள்களாக, கல்லூரிச் சொத்துப் பட்டியலில் நாற்காலி மேசைகளுக்கு அடுத்த வரிசையில் நிற்பவையாக இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

கிடங்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் பார்வையாளர்கள் அதைக் காண்பதே இல்லை. எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது தொகுப்பின் சிறு பகுதிதான். மீதி எல்லாம் கிடங்கின் அடுக்குகளிலும் இழுப்பறைகளிலும் உறங்குகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65 விழுக்காட்டைத் தாண்டினாலே ஓலைச்சுவடியிலும் துணியிலும் தோலிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இதைத் தடுக்கக் குளிர்சாதனம் போட்டிருக்கிறோம் என்று நிர்வாகத்தினர் கூறுவார்கள். ஆனால் பல கட்டடங்களில் அந்தக் குளிர்சாதனம் அலுவலக நேரத்தை ஒட்டி இயங்குகிறது. மாலையில் அலுவலர்கள் வீடு திரும்பும்போது அதுவும் நின்றுவிடுகிறது. பகல் முழுவதும் 20 பாகைக்குக் குளிர்ந்திருந்த வெண்கலத்தின் மீது, இரவில் கதவிடுக்கு வழியாக நுழையும் வெப்பமான ஈரக்காற்று படும்போது நீர் கோத்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் குளிரூட்டி அதை உலர்த்துகிறது. இப்படி நாள்தோறும் நனைந்து உலரும் பொருள், குளிர்சாதனமே இல்லாமல் காற்றோட்டமான ஓர் அறையில் இருந்திருந்தால் இன்னும் நலமாக இருந்திருக்கும் என்று சொல்லுமளவுக்குச் சேதமடைகிறது.

வெண்கலத்திற்கு வரும் நோயை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய செப்புத் திருமேனியின் மீது படிந்திருக்கும் அடர்பச்சைக் களிம்பு கெடுதலானதன்று. அது கெட்டிப்பட்டுச் சிலையைக் காக்கும் ஒரு போர்வை. அதன் நடுவே வெளிறிய பச்சை நிறத்தில், தொட்டால் மாவைப் போல உதிரும் புள்ளிகள் தோன்றினால்தான் அஞ்ச வேண்டும். மண்ணிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ உலோகத்துக்குள் புகுந்த உப்பு, ஈரத்துடன் சேர்ந்து செம்பைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஈரப்பதத்தை ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்குக் கீழே நிலையாக வைத்திருந்தால் அது அடங்கியிருக்கும். விட்டுவிட்டால் விரல்நுனி, அணிகலன், முகத்தின் மூக்கு என்று மெல்லிய பகுதிகள் முதலில் கரையும். ஒரு பேழைக்குள் உலர்த்துமணிகளை வைத்து, அவை நிறம் மாறும்போது மாற்றுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும், இதற்குப் பெருஞ்செலவில்லை. ஆனால் அந்த ஒருவர் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஓலைச்சுவடிகளின் நிலை இன்னும் நுட்பமானது. நம் முன்னோர் எழுத்தாணியால் கீறிய எழுத்தின்மேல் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்து மையாடுவார்கள். ஓலை வறண்டு முறியாமலிருக்கப் புல் எண்ணெய் தடவுவார்கள். இரு மரச்சட்டங்களுக்கிடையில் கட்டித் துணியில் சுற்றிவைப்பார்கள். இன்றைய பாதுகாப்புக் கலையும் இதிலிருந்து அதிகம் விலகிச் செல்லவில்லை. ஒளியின் அளவை 50 லக்ஸுக்கு மேற்போகாமல் வைக்க வேண்டும் என்பதும், ஒரே ஏட்டை ஆண்டுக்கணக்கில் விரித்துவைக்காமல் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும் என்பதும் புதிதாகச் சேர்ந்த அறிவு. ஒளியால் நேரும் கேடு சேர்ந்துகொண்டே போகும். பேழையை இருட்டாக்கி ஓய்வு கொடுத்தாலும் வெளிறிய நிறம் திரும்பாது. ஆகவே சுவடியைக் கட்டடத்தின் நடுவே, கூரைக்கண்ணாடி வழியே வெயில் விழும் மண்டபத்தில் வைக்கும் வரைபடம் எவ்வளவு எழிலாக வரையப்பட்டிருந்தாலும், அதற்கு ஒப்புதல் அளிக்கக் கூடாது.

புதுப்பிக்கும் பணியே பொருளுக்கு நஞ்சாவதும் உண்டு. புதிய ஒட்டுப்பலகை, வண்ணப்பூச்சு, பசை, கம்பளம் ஆகியவை பல வாரங்களுக்குக் காடி ஆவியையும் வேறு ஆவிகளையும் வெளியிடுகின்றன. மூடிய பேழைக்குள் அந்த ஆவி தேங்கி ஈயத்தை வெண்பொடியாக்கும், வெள்ளியைக் கறுக்கவைக்கும். இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உள்ளது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி 1973இல் வகுத்த முறை அது: பயன்படுத்தவிருக்கும் பலகையின் ஒரு துண்டையும் வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளையும் சிறிதளவு நீருடன் ஒரு குடுவையில் அடைத்து, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைத்திருந்து, தகடுகளின் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை இருக்கும்போது இதற்கு வெளிநாட்டு வல்லுநரை அழைக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு மாணவர்கள் செய்துவிடுவார்கள். தடையாக இருப்பது திறப்பு விழா நாள். சிறப்பு விருந்தினரின் நாள் குறிக்கப்பட்டுவிட்டால், வண்ணம் உலர்வதற்குள் பொருள்கள் பேழைக்குள் ஏற்றப்படுகின்றன. ஓரிடத்தில் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை, பழைய பாவைவிளக்கு ஒன்றை மெருகுப் பசை போட்டுப் பொன்போல மின்னத் தேய்த்துவிட்டார்கள். அடியில் இருந்த எண்ணெய்க் கறையும், திரி எரிந்த கருமையும், கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த இடத்தின் பழுப்பும் ஒரு மணி நேரத்தில் போயின. அந்த விளக்கு எத்தனை தலைமுறை எந்தக் கையில் இருந்தது என்பதற்குச் சான்றாக இருந்தவை அவை மட்டுமே. விழா நாளைக் குறிக்கும் உரிமை, பொருள்களைக் கெடாமல் காக்கும் பாதுகாப்பாளரின் ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தீயைப் பற்றிப் பேசாமல் கட்டடத்தைப் பற்றிப் பேச முடியாது. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகம் 1818இல் தோன்றியது. ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருப்பது. 2018 செப்டம்பர் 2ஆம் நாள் இரவு அது எரிந்தது. ஏறக்குறைய 2 கோடிப் பொருள்கள் கொண்ட தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. பேசுவோர் எவரும் எஞ்சாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதில் போயின. அரங்கத்திலிருந்த குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ தொடங்கியது என்று காவல்துறை ஆய்வு கூறியது. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய நீர் வரவில்லை. மனத்தை உறுத்தும் செய்தி என்னவென்றால், அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கவும் தீத்தடுப்பு வசதி செய்யவும் 2 கோடியே 17 லட்சம் பிரேசில் ரியால் நிதிக்கு அதே ஆண்டு ஜூன் மாதம்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பணம் கைக்கு வருவதற்குள் தீ வந்துவிட்டது. நம் பல்கலைக்கழகங்களில் மின்கம்பிகளின் வயதையும், கிடங்கின் அருகே என்ன அறை இருக்கிறது என்பதையும், இரவில் அபாயமணி ஒலித்தால் யார் சாவியுடன் ஓடிவருவார் என்பதையும் சரிபார்க்க எந்தப் பெருந்திட்டத்திற்கும் காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே செய்யலாம்.

அடுத்தது பதிவேடு. புதுப்பிக்கும்போது ஒவ்வொரு பொருளும் இடம் பெயர வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, எண்ணைப் பார்த்து, அளந்து, நான்கு பக்கமும் ஒளிப்படம் எடுத்து, பழைய பதிவோடு ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். பழைய எண்களை அழிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கலத்தின் அடியில் மையால் எழுதப்பட்ட மங்கலான எண், பேராசிரியர் ஒருவர் அறுபதுகளில் கட்டிய நூலில் தொங்கும் அட்டைத் துண்டு ஆகியவை அழுக்கல்ல. அந்தப் பொருள் எங்கிருந்து எப்படி வந்தது என்பதற்கான வழித்தடம் அவற்றில்தான் இருக்கிறது.

பழைய ஒளிப்படம் ஒன்று என்ன செய்யும் என்பதற்குத் தமிழர்கள் அனைவரும் அறிய வேண்டிய சான்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறக்கப்பட்டது. பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டு 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. 1967இல் லண்டன் ஏலத்தில் முறைப்படி வாங்கியதாகவே அருங்காட்சியகம் கருதியிருந்தது. ஆனால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில், 1957இல் கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அதே திருமேனி இருந்ததைக் காட்டும் படம் கிடைத்தது. ஓர் ஆய்வாளர் அதைக் கண்டறிந்தார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024இல் திருப்பித் தருவதற்குப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. யாரோ ஒருவர் ஒரு கோயிலில் பொறுமையாக நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும், அதைத் தேதியோடும் ஊர்ப்பெயரோடும் ஒழுங்காக அடுக்கிவைத்த நிறுவனமும் இல்லையென்றால், அந்த ஆழ்வார் எந்தக் கோயிலுக்கு உரியவர் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. இதே அக்கறை நம் பக்கத்திலும் வேண்டும். தெற்காசியத் திருமேனிகளும் கல்வெட்டுத் துண்டுகளும் நம் பல்கலைக்கழகங்களில் இருக்குமானால், அவை எப்போது யாரிடமிருந்து வந்தன என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எழுத வேண்டும். தெரிந்ததை மறைக்காமல் எழுதும் கல்விக்கூடத்தின் மீது மக்களுக்கு மதிப்பு கூடும்.

பெயர்ப்பலகையைப் பற்றி எனக்கு நீண்ட நாள் மனக்குறை ஒன்று உண்டு. ஒரு காட்சிக்கூடத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் கத்தி ஒன்று, வேளாண் கருவி, இரும்பு, மரப்பிடி என்ற விவரத்துடன் கிடந்தது. அருகே நின்ற மூதாட்டி ஒருவர் தம் பேரனுக்கு அதை விளக்கத் தொடங்கினார். வளைந்த நுனியால் பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் புண்பட்டு அந்த இடத்தில் முண்டு விழும், முண்டு விழுந்த மரத்தில் அடுத்த முறை கோடு நேராக இழுக்க முடியாது, வெயில் ஏறிவிட்டால் பால் சுரப்பு நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே, ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். கையில் கத்தி இல்லாமலே அவருடைய மணிக்கட்டு அந்தச் சாய்வில் திரும்பியது. அங்கே பணியிலிருந்த எவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பால் வடியும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி, ஆள்வருகையைக் குறிக்கும் செக்ரோல் புத்தகம், லயத்து வீட்டின் அம்மி என்று தோட்டப்புறப் பொருள்கள் இன்னும் சில பத்தாண்டுகளில் கெண்டிகளைப் போலவே பழம்பொருள்களாகிவிடும். பொருள்கள் எஞ்சும், அவற்றைப் பயன்படுத்திய கைகளின் அறிவு எஞ்சாது. புதுப்பிக்கும் பணிக்காக அருங்காட்சியகம் மூடியிருக்கும் காலம் இந்த அறிவைச் சேகரிப்பதற்கு மிகப் பொருத்தமான காலம். ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு மாணவர்கள், பேழைகளிலிருந்து எடுத்த பொருள்களின் படங்களைக் கொண்டுபோய் முதியவர்களிடம் காட்டிக் கேட்டால் போதும்.

இதை மற்றவர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக அருங்காட்சியகம் 1 கோடியே 50 லட்சம் பவுண்டு செலவில் புதுப்பிக்கப்பட்டு 2023 பிப்ரவரி 18ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. அதில் தெற்காசியாவுக்கென்று ஒரு நிரந்தரக் கூடம் அமைத்தார்கள். அக்கூடத்தில் எதை வைப்பது, என்ன எழுதுவது என்பதை அந்நகரத்துத் தெற்காசிய மக்களில் முப்பது பேர் கொண்ட ஒரு குழு அருங்காட்சியக அலுவலர்களுடன் அமர்ந்து முடிவு செய்தது. கல்வியாளர்கள் மட்டுமின்றி கலைஞர்களும், மாணவர்களும், தொண்டு செய்வோரும் அதில் இருந்தார்கள். 2022இல் பிராகா நகரில் கூடிய அனைத்துலக அருங்காட்சியக மன்றம் அருங்காட்சியகம் என்பதற்கு வகுத்த புதிய வரையறையிலும் சமூகங்களின் பங்கேற்பு இடம்பெற்றிருக்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இது ஏன் முடியாது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததே கோலாலம்பூரில்தான். அவ்வளவு பெருமை கொண்ட நகரத்தில், தமிழர் வாழ்வோடு தொடர்புடைய ஒரு பொருளின் கீழ் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதோடு தமிழிலும் நான்கு வரி எழுதக் கோருவது மிகையான வேண்டுகோள் ஆகாது. சீனக் கலங்களுக்குச் சீன மொழியிலும் எழுதட்டும். அதையும் மகிழ்ச்சியோடு வரவேற்பேன்.

தமிழர் தரப்பிலும் ஒரு பொறுப்பு உண்டு. கடாரம், அதாவது இன்றைய கெடா, என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உணர்ச்சி பொங்குகிறது. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் காணும் ஒவ்வொரு செங்கல்லையும் சோழர் கட்டியதாகவே பேசிவிடுகிறோம். சான்றுகள் காட்டும் சித்திரம் அதைவிட விரிந்தது. செபராங் பிறையில் 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற மாநாவிகனுடையது (கப்பல் தலைவனுடையது), 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது, தென்னிந்திய எழுத்தில் அமைந்த வடமொழி வாசகம், பௌத்தச் சார்புடையது. அது இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அண்மையில் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கெடாவின் புக்கிட் சோராசில் வெளிக்கொணர்ந்த தூபியும் சுதைச் சிலைகளும் பௌத்தம் சார்ந்தவையே. சுங்கை பத்துவில் கிடைத்தவை இரும்பு உருக்கிய உலைகள். உள்ளூர் மக்களின் கைத்திறனுக்கு அவை சான்று. சோழர் தொடர்புக்கும் வலுவான ஆவணம் உண்டு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்ததைக் கூறும் 21 செப்பேடுகள் 1862இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன; உலகம் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்றே அழைக்கிறது. இவற்றின் தெளிவான நகல்களை, நகல் என்றே குறிப்பிட்டு, பினாங்கில் வைக்கலாம். எது உறுதியானது, எது ஊகம், எதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள் என்று பிரித்து எழுதும் பெயர்ப்பலகையைப் படித்து வளரும் தமிழ்ப் பிள்ளை, மேடைப் பேச்சை நம்பி வளரும் பிள்ளையைவிடத் தன் முன்னோரை நன்றாக அறிந்திருக்கும்.

அகழாய்வு நடக்க நடக்கக் கிடங்கின் சுமையும் கூடுகிறது என்பதை நிதி ஒதுக்குவோர் மறந்துவிடுகிறார்கள். செய்தித்தாளில் படம் வருவது ஒரு சிலைக்கு. அதனுடன் பெட்டி பெட்டியாகப் பானை ஓடுகளும், செங்கற்களும், இரும்புக் கசடும், மண் மாதிரிகளும் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கின்றன. எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற சீட்டு கழன்றுவிட்டால் அந்த ஓடு வெறும் ஓடு. நிலத்தில் இருப்பதும் என்றென்றும் அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி (பழங்கோயில்) 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது நமக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும் அதைக் காக்க முடியவில்லை. அதுபோன்ற இடங்களைப் பற்றிய வரைபடங்களும் அகழாய்வுக் குறிப்பேடுகளும் எங்கே இருக்கின்றனவோ, அந்த அலமாரிதான் இனி அந்தக் கோயில். அதற்கும் கரையான் தடுப்பும் மின்னணுப் படியும் வேண்டும்.

தொடுதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அவை சில ஆண்டுகளில் பழுதாகும். பழுதான பின் மாற்றுவதற்கான தொகை முதல் மதிப்பீட்டிலேயே இல்லையென்றால் வாங்காமலிருப்பது நல்லது. அந்தத் தொகையில் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஒருவரை நிரந்தரப் பதவியில் அமர்த்தலாம். ஒப்பந்தப் பணியாளர்கள் திறமையாகச் செய்கிறார்கள், ஆனால் ஒப்பந்தம் முடியும்போது எந்தச் சிலைக்கு எந்த மருந்து பூசப்பட்டது என்ற அறிவும் அவர்களுடன் வெளியேறிவிடுகிறது. அனைத்துலகப் பண்பாட்டுப் பாதுகாப்பு நிறுவனமான இக்ரோம், யுனெஸ்கோவின் துணையோடு, சிறிய அருங்காட்சியகங்கள் தங்கள் கிடங்கைக் குறைந்த செலவில் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள ரீ-ஆர்க் என்ற செயல்முறையை உருவாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதைப் பின்பற்றப் பெரிய ஒப்பந்ததாரர் யாரும் தேவையில்லை.

எனவே பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் நான் வேண்டுவது இது. அருங்காட்சியகத்தை மூடுவதற்கு முன், தொகுப்பில் உள்ள பொருள்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும் வகையில் வெளியிடுங்கள். மூடியிருக்கும் காலத்திலும் ஆய்வாளர்களும் பள்ளி மாணவர்களும் முன்பதிவு செய்து கிடங்கில் பொருள்களைக் காண வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் சிலரை அழைத்து, பெயர்ப்பலகைகளின் வரைவை அவர்களிடம் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். தமிழ்ப் பிரதியை இயந்திர மொழிபெயர்ப்பிடம் விடாமல், அந்தப் பொருளையும் தமிழையும் அறிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

தங்கள் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் தாத்தா கொண்டுவந்த ஏட்டுச்சுவடியோ, கிட்டங்கியில் இருந்த கைப்பெட்டியோ, கணக்கேடோ, தோட்டத்துச் செக்ரோலோ இன்னும் இருக்கக்கூடும். அவற்றை எண்ணெய் போட்டுத் துடைக்கவோ, புளி போட்டு விளக்கவோ, பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடவோ வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைத்திருங்கள். எந்த அருங்காட்சியகத்துக்கு அளித்தாலும், பொருளின் ஒளிப்படம், பதிவு எண், அதன் அப்போதைய நிலை, கொடுத்தவரின் நிபந்தனை ஆகியவை எழுதிக் கையொப்பமிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அத்தகைய தாளைத் தரும் நிலையில் அந்தக் கிடங்கு இல்லையென்றால், புதுப்பிக்கும் பணி முடியும்வரை பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அது யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதை மட்டும், சொல்லக்கூடியவர் உயிரோடிருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொகுப்புப் பராமரிப்பாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு